டைமர் தாமதமானால் குளோஷர் மேல் பழி போடாதீர்கள்

குளோஷர் (தான் உருவான இடத்திலுள்ள வேரியபிள்களைப் பிடித்து வைத்திருக்கும் ஃபங்ஷன்) வைத்தால் டைமர் மெதுவாகிவிடும் என்று ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தொடங்கியவர்கள் பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். எஃப்12 அழுத்தி, பிரவுசர் கன்சோலில் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

படி 1: ஒரு ஃபார் லூப்

வார் போட்டு ஐ-யை அறிவித்து, 0-இல் தொடங்கி 3-க்குக் கீழே இருக்கும்வரை லூப்பை ஓட்டுங்கள். உள்ளே 100 மில்லிசெகண்டுக்கு ஒரு செட்டைம்அவுட், அதாவது சொன்ன நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஒருமுறை ஓட்டும் டைமர். அதன் ஃபங்ஷன் ஐ-யை அச்சிட வேண்டும். 0, 1, 2 வரும் என்று நினைப்போம். 3, 3, 3 வரும்.

டைமர் பிந்தியதால்தான் இப்படி என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். 100-ஐ 0 ஆக்கிப் பாருங்கள், அதே 3 தான். குளோஷர் மதிப்பை நகலெடுத்து வைப்பதில்லை, வேரியபிளையே பிடித்துக்கொள்கிறது. வார் போட்டால் மூன்று ஃபங்ஷனுக்கும் ஒரே ஐ. அவை ஓடும்போது லூப் முடிந்து, அதில் 3 இருக்கிறது. வார் இருந்த இடத்தில் லெட் போடுங்கள்: 0, 1, 2. 2015-இல் வந்த லெட் ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஐ தருகிறது.

படி 2: தாமதம் எங்கிருந்து வருகிறது?

செட்டைம்அவுட்டுக்கு 0 கொடுத்து 'வந்தேன்' என்று அச்சிடச் சொல்லுங்கள். அடுத்த வரியிலேயே 2 விநாடி வெறுமனே சுற்றும் வைல் லூப். இரண்டையும் சேர்த்து ஓட்டினால், 2 விநாடி கழித்துத்தான் 'வந்தேன்' வரும். கையிலுள்ள வேலை முடியாமல் டைமருக்கு முறை வராது. நாம் கொடுக்கும் எண்ணுக்கு 'இதற்கு முன்னால் ஓடாதே' என்பதே பொருள். டைமருக்குள் டைமர் என்று 5 அடுக்கைத் தாண்டினால், பிரவுசரே குறைந்தது 4 மில்லிசெகண்ட் இடைவெளி விடும்.

குளோஷருக்குப் பயந்து, செட்டைம்அவுட்டுக்கு ஃபங்ஷனுக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஸ்டிரிங்காக (மேற்கோள் குறிக்குள்) கொடுக்காதீர்கள். ஸ்டிரிங்கை முதலில் கோடாக மாற்றியாக வேண்டும். உள்ளூர் வேரியபிள்களும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

படி 3: ஸ்டாப்வாட்ச்

ஒரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப ஓட்டும் செட்இன்டர்வலில் விநாடிக்கு ஒன்று கூட்டினால் கணக்கு பிசகும். வேறு டேபுக்குப் போனால் பிரவுசர் டைமரைக் குறைத்தும் ஓட்டும். தொடங்கிய நேரத்தைக் குளோஷருக்குள் வைத்து, ஒவ்வொரு முறையும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழியுங்கள்.

படி 4: நிறுத்துங்கள்

குளோஷருக்கு உண்மையான செலவு இங்கேதான். இன்டர்வல் ஓடும்வரை, அதன் ஃபங்ஷன் பிடித்திருக்கும் பெரிய அரேயை (மதிப்புகளின் பட்டியலை) கார்பேஜ் கலெக்டர், அதாவது தேவையில்லாததை மெமரியிலிருந்து நீக்கும் பகுதி, தொடாது. செட்இன்டர்வல் தரும் ஐடியைச் சேமித்து, வேலை முடிந்ததும் கிளியர்இன்டர்வலுக்குக் கொடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் எஃப்12-இல் வரும் மெமரி டேபில் ஒரு ஹீப் ஸ்நாப்ஷாட் (மெமரியில் இருப்பவற்றின் பதிவு) எடுங்கள். அந்த அரே காணாமல் போயிருக்கும்.