தேசியப் பாதுகாப்புத் துறையில் சட்டப் பயிற்சி: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்தால் லா ஸ்கூலில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்க நீதித்துறையின் தேசியப் பாதுகாப்புப் பிரிவில் அடுத்த கோடைக்குத் தன்னார்வ இன்டர்ன்ஷிப் போட வேண்டும், ரெஸ்யூமைக் கொஞ்சம் பார்த்துத் தருகிறீர்களா என்பார்கள். மகிழ்ச்சியோடு பார்த்துத் தருகிறேன். ஆனால் எங்கள் காலத்தில் வந்தவர்கள் சறுக்கிய இடத்திலேயே இவர்களும் சறுக்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. எழுத்துப்பிழை, கடைசித் தேதி, டை கட்டுவதெல்லாம் கல்லூரி கேரியர் ஆஃபீஸே சொல்லித்தரும். அங்கே சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எல்லோரும் பயங்கரவாத எதிர்ப்புக்கே விண்ணப்பிப்பது

2006-ல் தொடங்கப்பட்ட இந்தப் பிரிவுக்குள் பல கிளைகள் இருக்கின்றன. பயங்கரவாத வழக்குகளை ஒரு கிளை நடத்துகிறது. உளவு எதிர்ப்பையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டையும் இன்னொன்று பார்க்கிறது. வெளிநாட்டு முதலீடுகளை ஆராய ஒன்று, 1978-ம் ஆண்டின் ஃபைசா என்ற வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டப்படி உத்தரவு கேட்டு ரகசிய நீதிமன்றத்துக்குப் போக ஒன்று, 2023-ல் அறிவிக்கப்பட்ட சைபர் கிளை ஒன்று. கவர் லெட்டரில் "தேசியப் பாதுகாப்பில் எனக்குச் சிறுவயது முதலே ஆர்வம்" என்று மட்டும் எழுதினால், படிப்பவருக்கு உங்களை எங்கே வைப்பது என்றே தெரியாது.

சமீபத்தில் ஒரு பையன் கடிதம் அனுப்பினான். இளங்கலையில் எலக்ட்ரானிக்ஸ், இரண்டு வருடம் சிப் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை. கடிதம் முழுக்கப் பயங்கரவாதம். சிப் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இன்று எவ்வளவு பெரிய விஷயம்! அந்தத் தொழில்நுட்பம் புரிந்த சட்ட மாணவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அந்த இரண்டு வருட அனுபவம் ரெஸ்யூமின் கடைசி வரியில் கிடந்தது. அதை முதல் பத்திக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

எழுத்து மாதிரியை மேடைப் பேச்சாக்குவது

விண்ணப்பத்தோடு இணைக்கும் எழுத்து மாதிரிக்குத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் எடுத்துக்கொள்வது 2010-ம் ஆண்டின் ஹோல்டர் எதிர் ஹ்யூமானிடேரியன் லா ப்ராஜெக்ட் வழக்கு. விடுதலைப் புலிகளும் குர்து அமைப்பான பிகேகேயும் சம்பந்தப்பட்டது; தடைசெய்யப்பட்ட அமைப்புக்குச் சட்டவழிகளில் பயிற்சியும் ஆலோசனையும் தருவதுகூடக் குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. நம்மவர்களுக்கு அது வெறும் பாடம் அல்ல, எனக்கும் அல்ல. ஆனால் எழுத்து மாதிரியில் வலியைவிட வாதம் முன்னே நிற்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்து எழுதலாம், தயங்க வேண்டாம். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துவைத்துவிட்டு எதிர்த்து எழுதுங்கள்.

பாதுகாப்புப் படிவத்தில் சொந்தங்களை மறைப்பது

இதைப் பற்றித்தான் நீளமாகப் பேச வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைப்பது இது ஒன்றுதான்.

வேலை கிடைத்ததும் எஸ்எஃப்-86 என்ற படிவம் வரும். பத்து வருட முகவரிகள், வேலைகள், ஏழு வருட வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய தொடர்புகள் என எல்லாம் கேட்கும். சம்பளம் இல்லாத இன்டர்ன்தானே என்று யாரும் தளர்த்தித் தரமாட்டார்கள். ரகசிய ஆவணம் பார்க்கப்போகிறவருக்கு உள்ள சோதனை உங்களுக்கும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். ஐந்து வயதுவரை கோயம்புத்தூரில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். ஞாயிறு தவறாமல் வாட்ஸ்அப்பில் பேசுவாள். பெரியம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்குத் தன் கணக்கிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறாள். பெரியம்மா மகன் தமிழக அரசில் பொதுப்பணித்துறையில் இருக்கிறான். படிவத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. "இந்தியத் தொடர்பு அதிகமாக் காட்டினா சந்தேகப்படுவாங்கம்மா, குறைச்சே போடு" என்று அப்பா சொல்லியிருக்கிறார். நேர்காணலில் விசாரணை அதிகாரி, ஊருக்குப் போனால் எங்கே தங்குவீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். பெரியம்மா வீட்டில் என்றாள். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று எல்லாம் வெளியே வந்துவிட்டது. கோடை தொடங்கும் நாள்வரை க்ளியரன்ஸ், அதாவது ரகசிய ஆவணம் பார்க்கும் அனுமதி, வரவில்லை. வாய்ப்பு கைநழுவியது.

பிறகு என்னை அழைத்தாள். "அங்கிள், பெரியம்மா வீட்டோட இருக்கறவங்க. அவங்களை எதுக்குப் போடணும்?"

படிவம் கேட்பதால் போட வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார் மாமியாருக்கு ஒரு பகுதி இருக்கிறது. பெரியம்மா, சித்தப்பா, அத்தை மகன் அதில் வரமாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த பகுதி, பாசத்தாலோ கடமையாலோ நெருங்கிய அல்லது தொடர்ந்த தொடர்பிலுள்ள வெளிநாட்டவரைக் கேட்கிறது. வளர்த்த பெரியம்மா அதில் வராமல் வேறு யார் வருவார்? வெளிநாட்டவர் யாருக்காவது எப்போதாவது பண உதவி செய்ததுண்டா என்பதும் தனிக் கேள்வி. ஏழு வருடக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஏனென்றால், அந்த உண்மைகள் எதுவும் அவளுக்குக் கெடுதல் செய்திருக்காது. க்ளியரன்ஸுக்கு 13 அளவுகோல்கள் உண்டு. வெளிநாட்டுச் செல்வாக்கு என்பது அதில் ஒன்று. கோயம்புத்தூரில் ஒரு பெரியம்மா இருப்பதை விளக்கிக் கடந்துவிடலாம். மறைப்பது வேறோர் அளவுகோலில், தனிப்பட்ட நடத்தையில், போய் விழுகிறது. அதை விளக்குவது மிகக் கடினம். தெரிந்தே பொய் சொன்னால் கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தவறான ஆலோசனையால் விடுபட்டது என்று சொல்ல விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த ஆலோசனையை ஒரு வழக்கறிஞரோ, பாதுகாப்பு நடைமுறையில் வழிகாட்டும் பொறுப்பில் உள்ளவரோ தந்திருக்க வேண்டும். அப்பா சொன்னார், மாமா சொன்னார் என்பது எடுபடாது. விட்டுப்போனது நினைவுக்கு வந்தால், அவர்கள் கண்டுபிடித்துக் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னதை உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள விதியில் இடமுண்டு.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே அம்மாவோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். யாரோடு பேசுகிறேன், யாருக்குப் பணம் அனுப்பினேன், யார் அரசு வேலையில் இருக்கிறார், ஊரில் என் பெயரில் வங்கிக் கணக்கோ நிலமோ இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் கேளுங்கள். தாத்தா உங்கள் பெயரில் எழுதிவைத்த அரை ஏக்கர் அம்மாவுக்குத்தான் நினைவிருக்கும். பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து முத்திரைகளைப் பாருங்கள். இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இந்தியச் சட்டப்படி குடியுரிமை ஆகாது. ஆனாலும் விளக்கப் பகுதியில் குறிப்பிடுங்கள். நிரப்பியதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் அரசு வேலைக்கு மறுபடி நிரப்பும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

க்ரீன் கார்டு போதும் என்று நினைப்பது

போதாது. இந்தப் பிரிவுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும்.

கஞ்சா

மாநிலச் சட்டம் அனுமதிக்கலாம், கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை. இன்றே நிறுத்துங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

பணத்தைக் கடைசியில் யோசிப்பது

அரசுக்கு யாரும் இலவசமாக உழைக்கக் கூடாது என்பதுதான் பொதுச் சட்டம். மாணவர்களுக்கு மட்டும் 1978-ல் விலக்கு தந்தார்கள். அந்த விலக்கில்தான் நீங்கள் போகிறீர்கள். வாஷிங்டனில் ஒரு கோடைக்கான வாடகை உங்கள் கையிலிருந்து போகும். கல்லூரியின் பொதுநல உதவித்தொகைக்குக் கெடு முன்பே முடிந்துவிடும். இந்தப் பயிற்சியைப் பாடநெறி கிரெடிட்டாக எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

லிங்க்ட்இன்

என்ன வழக்கில் வேலை பார்த்தீர்கள் என்று அனுமதி இல்லாமல் எழுதாதீர்கள். அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஒரே இடத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது

பின்னணிச் சோதனை மாதக்கணக்கில் இழுக்கும், உங்கள் மேல் ஒரு குறையும் இல்லாமலேகூட. ஆகவே இலையுதிர் காலத்திலேயே பல இடங்களுக்கு அனுப்புங்கள். வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் அலுவலகம், பொருளாதாரத் தடைகளைப் பார்க்கும் நிதித்துறை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை எல்லாவற்றிலும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். நாடு முழுக்க 93 கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்களின் அலுவலகங்கள் உண்டு. வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்டம், நியூயார்க்கின் தெற்கு மாவட்டம் போன்றவற்றில் பெரிய தேசியப் பாதுகாப்பு வழக்குகள் நடந்திருக்கின்றன, நடக்கின்றன. அங்கே ஒரு கோடை முழுக்க மெமோ எழுதிவிட்டு, மூன்றாம் ஆண்டில் தேசியப் பாதுகாப்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் கடிதத்தில் முதல் பத்தி தானாகவே வந்து அமையும்.