காட்டு லெட்டூஸ்: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவரங்களைச் சேகரித்துப் பெயர் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்பவர்கள் காட்டு லெட்டூஸிடம் வரும்போது, ஆண்டுதோறும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பெரும்பாலானவை தொடக்கத்தில் நானும் சறுக்கிய இடங்கள்தான், அதனால் அவர்கள்மேல் குறையில்லை. ஆனால் ஒரு தவறு மட்டும் இன்றைக்கும் எரிச்சலைக் கிளப்புகிறது. அதை விரிவாகவே எழுதியிருக்கிறேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், லேபிளில் இடமும் தேதியும் எழுதுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் முக்கியமாகப் பேசுவது லாக்டூகா செர்ரியோலா என்ற முள் லெட்டூஸைப் பற்றி. ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகியவை இதன் தாயகம். வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் களையாகப் பரவியிருக்கிறது. சாலையோரம், ரயில் பாதை, கட்டடம் இடித்துப் போட்ட மனை, தரிசு என்று மண் கிளறப்பட்ட இடமெல்லாம் முளைக்கும். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாலட்டில் போடும் லெட்டூஸின் மூதாதையும் இதுதான். ஆழமான ஆணிவேர், விறைப்பான வெளிறிய தண்டு, எங்கே கிள்ளினாலும் கசியும் வெள்ளைப் பால், லேசாக நீலம் பாய்ந்த பச்சை இலைகள். காம்பில்லாத இலையின் அடிப்பகுதி இரண்டு காது மடல்களாக நீண்டு தண்டைத் தழுவியிருக்கும். இலையைத் திருப்பினால் நடு நரம்பின்மேல் முட்கள் வரிசையாக நிற்கும்.

சோங்கஸையும் இதையும் குழப்புவது

பாலும் உண்டு, முள்ளும் உண்டு, மஞ்சள் பூவும் உண்டு. ஆகவே சோங்கஸ் என்ற வேறு பேரினத்துச் செடியைக் கொண்டுவந்து காட்டு லெட்டூஸ் என்பார்கள். சோங்கஸில் முட்கள் இலை விளிம்பில்தான் இருக்கும், அடிப்புற நடு நரம்பில் வரிசையாக இருக்காது. பூக்கொத்தின், அதாவது ஒரே பூ போலத் தெரியும் சிறுமலர்த் தொகுதியின், அடிப்பகுதி சற்று உப்பலாக இருக்கும். முள் லெட்டூஸின் பூக்கொத்து ஒல்லியான உருளை. அதில் பெரும்பாலும் 12 முதல் 20 சிறுமலர்கள்தான் இருக்கும். சோங்கஸில் அந்த எண்ணிக்கை நூறையொட்டியோ அதற்கு மேலோ போகும். அப்புறம் கனி. லெட்டூஸ் கனியின் நுனியில் மெல்லிய அலகு நீண்டு, அதன் உச்சியில்தான் வெள்ளை மயிர்க்குஞ்சம் விரியும். சோங்கஸ் கனிக்கு அலகே கிடையாது.

இலையைத் திருப்பிப் பார்க்காமல் எடுத்த புகைப்படத்தை எனக்கு அனுப்பாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். முழுச்செடிப் படம் அழகாக இருக்கும், ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உயரத்தை நம்புவது

வறண்ட சரளையில் முழங்கால் உயரத்தில் பூத்து முடிந்துவிடும். நல்ல மண்ணில் ஆளைத் தாண்டி 2 மீட்டர் வளரும். இரண்டும் ஒரே இனம்.

இலையின் வடிவத்தை வைத்து இனத்தை முடிவு செய்வது

இதுதான் அந்தத் தவறு.

முள் லெட்டூஸுக்கு நெருங்கிய உறவு லாக்டூகா விரோசா. மேற்கு, தெற்கு ஐரோப்பாவில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். செர்ரியோலாவின் இலை ஆழமாகப் பிளவுபட்டிருக்கும், விரோசாவின் இலை பிளவில்லாமல் அகலமாக இருக்கும் என்று யாரோ ஒருவர் எப்போதோ சொல்லிவைத்தது பரவிவிட்டது. கற்றுக்கொள்பவர்கள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

உண்மை என்னவென்றால், செர்ரியோலாவிலேயே இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றில் இலைகள் பிளவுபட்டிருக்கும். இன்டெக்ரிஃபோலியா என்ற மற்றொன்றில் பிளவே இருக்காது. பிரிட்டனில் இந்தப் பிளவில்லாத வடிவம்தான் அதிகம். விரோசாவிலும் இதேபோல் இரண்டு வகை இலையும் வரும். போதாக்குறைக்கு, ஒரே செடியில் கீழ் இலை ஆழமாகப் பிளந்தும் மேல் இலை ஈட்டிபோல முழுசாகவும் இருக்கும். எந்த உயரத்தில் இலையைக் கிள்ளினீர்கள் என்பதைப் பொறுத்து பெயர் மாறினால் அது அடையாளம் காண்பதா?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக, எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பயிர்ப்பெருக்கத்தில் விரோசாவுக்குத் தனி மதிப்பு உண்டு. லெட்டூஸைத் தாக்கும் ஒரு வகை அசுவினிக்கு எதிர்ப்புத் தரும் ஜீன் விரோசாவிலிருந்துதான் பயிருக்கு வந்தது. ஆனால் விரோசாவைப் பயிர் லெட்டூஸோடு கலப்பது சுலபமில்லை. விதை சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் கலப்புச் செடி பெரும்பாலும் மலடாகிவிடும். செர்ரியோலாவோ பயிரோடு தடையில்லாமல் கலக்கும், அதனால் அதை இடையில் பாலமாக வைத்துத்தான் வேலை செய்வார்கள். ஒரு குழுவினர், விரோசா என்று எழுதிய விதை உறை ஒன்றை ஒரு தொகுப்பிலிருந்து வாங்கிக் கலப்புச் செய்தார்கள். விதை தாராளமாகப் பிடித்தது. அடுத்த தலைமுறையும் செழிப்பாக வந்தது. கைக்கு எட்டாத ஒன்று எட்டிவிட்டது என்று மகிழ்ந்து, நிலத்தையும் ஆட்களையும் அதற்கே ஒதுக்கினார்கள். பிறகு சந்தேகம் வந்து கேட்டபோதுதான் தாய்ச்செடியின் கனியை லென்ஸில் பார்த்தேன். சாம்பல் நிறம், நுனியில் பொடிப் பொடியாக விறைப்பு மயிர்கள். செர்ரியோலா, சந்தேகமே இல்லை. அத்தனை உழைப்பும் வீண்.

மூல மாதிரியைத் தேடி எடுத்தோம். அழகாக அழுத்தி உலர்த்திய தாள். பெரிய பெரிய பிளவற்ற இலைகள், மொட்டுகள், இரண்டு மூன்று பூக்கள். கனி ஒன்றுகூட இல்லை. லேபிளில் ‘இலைகள் பிளவற்றவை, எனவே விரோசா’ என்று எழுதியிருந்தது. அதே இடத்துக்குப் பிறகு போய் விதை சேகரித்தவர்கள் அந்தப் பெயரையே உறையிலும் எழுதிவிட்டார்கள். எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்: பதில் அந்த உறைக்குள்ளேயே இருந்தது. விதை என்று நாம் சொல்வது உண்மையில் ஒற்றை விதை கொண்ட உலர்கனி. சுத்தம் செய்யும்போது அலகும் குஞ்சமும் உடைந்து போனாலும் கனியின் நிறமும் நுனி மயிரும் போகாது. அத்தனை பேர் கையில் அந்த உறை ஏறி இறங்கியிருக்கிறது, ஒருவரும் லென்ஸை வைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே கனியைப் பாருங்கள். செர்ரியோலாவின் முதிர்ந்த கனி சாம்பல் பழுப்பு. அலகை நீக்கினால் உடல் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் பல நீள்கோடுகள், நுனியை ஒட்டிக் குட்டி மயிர்கள். வெளிறிய அலகு ஏறக்குறைய உடலின் நீளமே இருக்கும். விரோசாவின் கனி கருஞ்சிவப்பிலிருந்து கறுப்புவரை போகும், நுனியில் மயிர் இருக்காது. சாலிக்னா என்ற இன்னொரு இனத்தில் அலகு உடலைப்போல் இரு மடங்கு நீளும். வட அமெரிக்காவின் கனடென்சிஸ் கனி தட்டையாக, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரே ஒரு நடுக்கோட்டுடன் இருக்கும். நான்கு இனங்களும் இப்படிக் கனியில் பிரிந்து நிற்கின்றன. இலையை மட்டும் வைத்து உட்கார்ந்தால் மாலைவரை வாதாடலாம்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. முதிராத கனி எல்லா இனத்திலும் வெளிறித்தான் இருக்கும். விரோசாவின் பச்சைக் கனியைப் பார்த்து ‘கறுப்பு இல்லையே’ என்று செர்ரியோலா ஆக்கியவர்களும் உண்டு. குஞ்சம் தானாக விரிந்து, தொட்டால் கழன்று வருவதை மட்டும் எடுங்கள்.

‘நான் போனபோது கனி இல்லை’ என்ற சாக்கையும் நான் ஏற்பதில்லை. இந்தச் செடி வாரக்கணக்கில் பூக்கும். பருவத்தின் நடுவில் போனால் ஒரே செடியில் மொட்டு, பூ, முதிர்ந்த கனி மூன்றும் இருக்கும். சீக்கிரம் போய்விட்டீர்களா? இடத்தைக் குறித்துவைத்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் போங்கள். அதற்குள் வெட்டிவிட்டார்களா? அப்படியானால் லேபிளில் ‘லாக்டூகா’ என்று மட்டும் எழுதுங்கள். பேரினத்தோடு நிறுத்திய லேபிளால் யாருடைய உழைப்பும் வீணாகாது. கனி கிடைத்தால் சிறு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். தனியாக வைத்தால் தொலைந்துவிடும்.

கனிக்கு அடுத்தபடியாக உதவுவது தண்டு இலையின் காது மடல்கள். செர்ரியோலாவில் அவை தண்டைவிட்டு விலகி நிற்கும், விரோசாவில் தண்டோடு ஒட்டியிருக்கும். இதனால்தான் இலையை மட்டும் பிய்த்து வரக்கூடாது. தண்டோடு சேர்த்து வெட்டி, மடல் மறையாதபடி அழுத்த வேண்டும்.

திசைகாட்டும் குணத்தைச் சட்டமாக்குவது

நல்ல வெயிலில் செர்ரியோலாவின் இலை அடியில் முறுக்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கும். இரண்டு முகங்களும் கிழக்கும் மேற்கும் பார்க்க, விளிம்புகள் வடக்கு தெற்காக அமையும். காலை, மாலை வெயில் இலைமேல் முழுதாக விழும். உச்சி வெயில் விளிம்பில் மட்டும் படும், இலை அதிகம் சூடாகாது. முதல்முறை இதைப் பார்க்கும்போது வரும் வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

ஆனால் நிழலில் வளரும் செடியில் இலைகள் கிடையாகத்தான் இருக்கும், திசையும் அமையாது. சுவரோரச் செடியைப் பார்த்து ‘திசை காட்டவில்லை, அப்படியானால் செர்ரியோலா இல்லை’ என்று தள்ளிவிடுகிறார்கள். சாலிக்னாவும் இலையைச் செங்குத்தாக வைத்திருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

பிற்பகலில் பூ தேடிப் போவது

காலையில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். சீக்கிரம் கிளம்புங்கள்.

உலர்ந்த பூவின் நிறத்தைக் குறிப்பது

பூ வெளிர் மஞ்சள். உலர்ந்தால் நீலம் ஏறும். பழைய மாதிரியைப் பார்த்து ‘நீலப் பூ’ என்று எழுதினால், உண்மையிலேயே நீலமாகப் பூக்கும் வேறு லாக்டூகா இனங்களின் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். நிறத்தைச் செடியின் அருகில் நிற்கும்போதே எழுதுங்கள்.

இளம் இலைவட்டத்துக்கு (தண்டு எழும்புமுன் தரையோடு வட்டமாகப் படரும் இலைகளுக்கு) இனப்பெயர் வைப்பது

வைக்காதீர்கள்.

பயிரின் கலப்பை மறப்பது

பயிர் லெட்டூஸும் செர்ரியோலாவும் எளிதில் கலப்பவை என்று மேலே சொன்னேன். இரண்டும் ஒரே குரோமோசோம் எண்ணிக்கை (18) கொண்டவை. லெட்டூஸ் வயல் பக்கத்தில் முள் குறைந்த, பெயர் சொல்லத் தயங்க வைக்கும் செடிகள் கிடைத்தால் இதை நினைவில் வையுங்கள். கனி முதிரும்போது பூக்கொத்தைச் சுற்றிய செதில்களைப் பாருங்கள். காட்டுச் செடியில் அவை வெளிப்புறமாக மடங்கிக் கனிகளைக் காற்றுக்கு விட்டுவிடும். பயிரில் நிமிர்ந்தே நின்று பிடித்து வைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் தெரிந்தால், தெரிவதை அப்படியே விவரித்து எழுதுங்கள். ஒரு பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

பாலை மருந்தாகக் குடிப்பது

காட்டு லெட்டூஸ் பாலில் தூக்கம் வரவைக்கும் சக்தி இருப்பதாக ஒரு பழைய நம்பிக்கை உண்டு. ‘லெட்டூஸ் ஓப்பியம்’ என்றுகூடச் சொல்வார்கள். அதில் ஓப்பியத்தின் வேதிப்பொருள் எதுவும் இல்லை. கசப்புக்குக் காரணம் லாக்டுசின், லாக்டுகோபிக்ரின் போன்றவை. விரோசாவைத் தின்று மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. இலையைப் பார்த்துப் பெயர் வைக்கிற நிலையில் இருப்பவர் அந்தச் செடியை வாயில் வைக்கவே கூடாது.