மூச்சு வாங்கும் அந்த ஒரு நிமிடம்: கடற்கரைச் சாலையில் கவனத்தோடு நடக்க

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி வராது. கவனத்தை உடம்பில் வைத்து நடந்து பழக நல்ல தோதான இடம். விடிகாலை 5.30க்கே வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. அப்புறம் எந்தப் பயிற்சியும் இனிக்காது. ஹெட்ஃபோன் வேண்டாம்.

முதலில், காந்தி சிலையிலிருந்து கடலை இடப்பக்கம் வைத்து டூப்ளே சிலை நோக்கி 5 நிமிடம் சாதாரண நடை. மூச்சு மூக்கு வழியாக மட்டும். குதிகால் பதிவது, எடை முன்னே உருள்வது, கட்டைவிரல் தள்ளுவது: ஒவ்வொரு அடியிலும் இந்த மூன்றைப் பாருங்கள். மனசு வீட்டு வேலைக்கு ஓடிவிடும். தெரிந்ததும் அடுத்த அடிக்குத் திரும்புங்கள், போதும்.

அடுத்து எண்ணிக்கை. 3 அடிக்கு மூச்சை இழுத்து, 4 அடிக்கு விடுங்கள். திணறினால் வேகம் அதிகம். மூச்சை அடக்காமல் நடையைக் குறையுங்கள்.

இனிமேல்தான் விஷயமே. 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவு. முதல் வாரம் 4 சுற்று. வேகநடையில் ஒரு வாக்கியம் பேச வரணும், பாட வரக் கூடாது. பாதி நிமிடம் தாண்டியதும் மூச்சு வாங்கும், கால் காந்தும். உடனே பல்லைக் கடித்துக்கொள்வோம். நிஜமாகவே கடிப்போம்: தாடை இறுகும், தோள் காதுப்பக்கம் ஏறும், விரல்கள் மடங்கும். நடைக்கு உதவாத இறுக்கம் இது. மூச்சு விடும்போது தாடை, தோள், விரல் என ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். பிறகு காந்தல் எங்கே என்று தேடுங்கள். கால் முழுக்க என்று தோன்றியது, பெரும்பாலும் முழங்காலுக்கு நாலு விரல் கீழே, எலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு பட்டையாகத்தான் இருக்கும். பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசை அது. கால் தூக்கும்போது சூடு ஏறும், பதிந்ததும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் பிடிபட்டதும் மல்லுக்கட்டு நின்றுவிடும். உழைப்பில் ருசி தட்டுவது அங்கேதான்.

காந்தல் வேறு, வலி வேறு. மூட்டில் சுரீரென்று குத்தினால் நிறுத்துங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உட்கார்ந்து உடனே உதவி கேளுங்கள். அதைக் கவனித்துக்கொண்டு நடக்கக் கூடாது. இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மெதுவான 2 நிமிடத்தில் போனை எடுத்துவிடாதீர்கள். துடிப்பு தணிவது கழுத்தில் தெரியும், அந்தச் சுகத்தை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி 5 நிமிடம் மெதுநடை. வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டி, 8 வரை போகலாம்.