வீட்டிலேயே ஒரு நாள் ஓய்வு: எண்ணெய்த் தேய்ப்பும் யோகாவும், முதல்முறை செய்பவர்களுக்கு

ஆயுர்வேத ஸ்பாவின் சிகிச்சைப் பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். அபியங்கம் என்னும் எண்ணெய்த் தேய்ப்பு, ஆவி, முகப்பூச்சு, தலைக்குத் தாரை (நெற்றியில் எண்ணெயை ஒழுகவிடுவது), கால் தேய்ப்பு, நடுவில் ஒன்றரை மணி நேர யோகா என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கிவிடுகிறார்கள். சாயங்காலம் உடம்பு அடித்துப் போட்டது போல் ஆகிவிடும்.

மூன்று வேலை போதும். காலையில் யோகா, அதன்பின் எண்ணெய்த் தேய்ப்பும் குளியலும், மாலையில் அசையாமல் கிடப்பது. மீதி நேரம் முழுக்க இடைவெளிதான். அந்த இடைவெளியில் இன்னொரு சிகிச்சையைச் செருகாதீர்கள்.

யார் தள்ளிப்போட வேண்டும்

சளி கட்டியிருப்பவர், வாந்தி, பேதி போன்ற சுத்திகரிப்பை அப்போதுதான் முடித்தவர், சாப்பிட்டது செரிக்காதவர் ஆகிய மூவருக்கும் எண்ணெய்த் தேய்ப்பு வேண்டாம் என்று பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயமே சொல்கிறது. இவர்களோடு காய்ச்சல், ஆறாத புண், பரவும் தோல் நோய் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாகவும் இருந்தால் அதைத் தேய்க்கவே கூடாது. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்துவிடலாம். அன்றைக்குப் போக வேண்டிய இடம் மருத்துவமனை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் எண்ணெயின் சூட்டையும் தண்ணீரின் சூட்டையும் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள், கட்டுக்கு வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

முந்தின நாள் மாலை

எண்ணெயில் ஒரு சொட்டை முழங்கையின் உள்மடிப்பில் தடவி, மறுநாள் காலை வரை விடுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது.

எந்த எண்ணெய்? முதல்முறைக்கு வெறும் நல்லெண்ணெய். உடம்புக்கு 80 மில்லி, தலைக்கு 15 மில்லி, உச்சியில் வைக்கும் பஞ்சுக்கு 10 மில்லி. எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்த கரும்பழுப்பு எண்ணெய் சமையல் வாசனைக்கானது, அதைத் தேய்த்தால் நாள் முழுக்க நீங்களே தாளித்தது போல் மணப்பீர்கள். எள் ஒவ்வாதவர்களும் எளிதில் உடம்பு சூடாகிறவர்களும் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளலாம். தன்வந்தரம், க்ஷீரபலா போன்ற தைலங்கள் ஒவ்வொரு நோய்க்கென்று காய்ச்சப்படுபவை. நோய் இல்லாதவருக்கு அவற்றால் தனி லாபம் இல்லை.

இரண்டு பழைய துண்டு, ஒரு பழைய விரிப்பு, 5 மேசைக்கரண்டி பச்சைப்பயறு மாவு, 3 மேசைக்கரண்டி சீயக்காய்த் தூள், நான்காக மடித்த உள்ளங்கையளவு பஞ்சுத்துணி, மாலைக்கு இரண்டு கெட்டியான போர்வை. இவற்றையெல்லாம் இரவிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். எண்ணெய்க் கையோடு அலமாரியைத் திறக்கும் அவஸ்தை இருக்காது. நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

காலை யோகா: 40 நிமிடம்

வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து அரை மணி கழித்துத் தொடங்குங்கள். பழைய நூல்களில் எண்ணெய் முதலில் வரும், உடற்பயிற்சி அதற்குப் பின். ஆனால் எண்ணெய் பூசிய கால் யோகா விரிப்பில் நிற்காது, வழுக்கும். அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறோம்.

5 நிமிடம் சம்மணமிட்டு அமர்ந்து மூச்சை மட்டும் கவனியுங்கள். இடுப்பு பின்னுக்குச் சாய்ந்தால் அடியில் ஒரு தலையணை வையுங்கள். பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி மார்ஜாரி ஆசனம், 10 முறை. மூச்சை இழுக்கும்போது வயிறு தாழும், விடும்போது முதுகு மேலே வளையும். நம்மில் பலர் கழுத்தை மட்டும் ஆட்டிவிட்டு ஆசனம் முடிந்தது என்று நினைக்கிறோம். அசைவு வால் எலும்பில் தொடங்கி, தலை கடைசியாக வர வேண்டும்.

அடுத்து பாலாசனம், அதாவது மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பது, 2 நிமிடம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி இடுப்பை உயர்த்தும் சேது பந்தாசனம் 5 முறை, ஒவ்வொன்றிலும் 5 மூச்சு. முழங்கால்கள் வெளியே விரிந்தால் கீழ்முதுகில் பிடிக்கும், அப்படியானால் தொடைகளுக்கு நடுவே ஒரு சிறு தலையணையை இடுக்கிக்கொள்ளுங்கள். ஒரு முழங்காலை மார்போடு அணைக்கும் பவனமுக்தாசனம் பக்கத்துக்கு ஒரு நிமிடம். படுத்தபடியே முழங்கால்களை மடித்து ஒருபுறம் சாய்க்கும் முறுக்கு, பக்கத்துக்கு 2 நிமிடம். மறுபுறத் தோள் தரையிலிருந்து எழும்பினால் முழங்கால்களுக்கு அடியில் தலையணை கொடுங்கள். தோள் தரையில் இருப்பதுதான் முக்கியம், முழங்கால் தரையைத் தொடுவது இல்லை. மூக்கின் ஒரு துளையை மூடி மறு துளையால் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி 9 சுற்று. கடைசியில் மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனம் 8 நிமிடம்.

வியர்த்து ஊற்றினால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். முடித்ததும் 20 நிமிடமாவது சும்மா இருங்கள், உடம்பு ஆறட்டும்.

எண்ணெய்த் தேய்ப்பு: 30 முதல் 40 நிமிடம்

எண்ணெயை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். கிண்ணத்தில் ஊற்றி, அதைச் சூடான தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் 5 நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் சுடும், ஓரிடம் ஆறியிருக்கும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுருக்கென்று சுடக் கூடாது.

மின்விசிறியை நிறுத்துங்கள். குளியலறையிலோ அதன் அருகிலோ பழைய துண்டு விரித்த மணையில் உட்காருங்கள். பிளாஸ்டிக் முக்காலி எண்ணெயில் நழுவும்.

1. உச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் வைத்து, விரல் நுனியை அங்கேயே பதித்துத் தோலை நகர்த்துங்கள். முடியைத் தேய்த்தால் சிக்குத்தான் விழும். மீதித் தலைக்கும் இப்படியே, 4 நிமிடம்.

2. காது மடல், காதுக்குப் பின்புறம், கழுத்து. காதுக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். மூக்கில் விடும் நஸ்யமும் தனியாகச் செய்யக் கூடியது இல்லை, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் பெரிய தொல்லை.

3. தோள் முதல் விரல் வரை. நீள எலும்பின் மேல் நீளமாக, மூட்டின் மேல் வட்டமாக என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் முழு உடம்பையும் தேய்த்துவிடலாம். ஒரு கைக்கு 3 நிமிடம்.

4. மார்பில் லேசாக, நடுவிலிருந்து வெளியே. வயிற்றில் கடிகார முள் சுற்றும் திசையில்: வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குங்கள். பெருங்குடல் போகும் வழி அதுதான்.

5. முதுகுக்குக் கை எட்டாது. எண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணியை இரு முனையிலும் பிடித்துக் குறுக்கே இழுத்தால் போதும்.

6. இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால். நரம்பு புடைத்துச் சுருண்டிருக்கும் இடத்தில் அழுத்தாமல் தடவி மட்டும் விடுங்கள்.

7. உள்ளங்கால் கடைசி. பக்கத்துக்கு 3 நிமிடம், பெருவிரலால் குதிகாலிலிருந்து விரல் வரை. தலை, காது, பாதம் மூன்றுக்கும் கூடுதல் கவனம் கொடுக்கச் சொல்வது நூல் மரபு.

கை முடியைப் பிடித்து இழுப்பது போல் இருந்தால் எண்ணெய் போதவில்லை. வறண்ட தோலை முடிக்கு எதிர்த்திசையில் தேய்த்தால் இரண்டு நாளில் மயிர்க்கால்கள் சிவந்து சிறு கொப்புளங்கள் வரும். அதை ‘எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். எண்ணெயில் குற்றமில்லை, தேய்த்த விதம்தான் தவறு.

இனி மிக ஆபத்தான நிமிடம்: எழுந்து நிற்பது. எண்ணெய்க் காலோடு ஈர டைல்ஸில் காலை வைக்காதீர்கள். உட்கார்ந்தபடியே உள்ளங்காலை இரண்டாவது துண்டால் நன்றாகத் துடையுங்கள், விரலிடுக்கையும் சேர்த்து. பிறகு சுவரைப் பிடித்து எழுங்கள்.

20 நிமிடம் ஊறுதல்

தாரைக்கு ஒரு லிட்டருக்கு மேல் எண்ணெயும், தொங்கும் பாத்திரமும், அதைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆளும் வேண்டும். தனியாளாகச் செய்ய முடியாது. அதற்குப் பதிலாகப் பிச்சு, அதாவது எண்ணெயில் நனைத்த பஞ்சு, வைக்கலாம். மடித்த பஞ்சுத்துணியை 10 மில்லி வெதுவெதுப்பான எண்ணெயில் நனைத்து உச்சியில் வைத்து, ஒரு துணியால் லேசாகக் கட்டுங்கள். பத்து நிமிடத்தில் ஆறிவிடும், வெந்நீரில் இருக்கும் கிண்ணத்தில் மிஞ்சியதை அதன்மேல் விட்டால் மறுபடி சூடாகும். சாய்ந்து உட்கார்ந்திருங்கள். போனைத் தொடாதீர்கள், எண்ணெய்க் கை என்பதே நல்ல சாக்கு. 20 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், குளிர் எடுக்கும்.

குளியல்

இங்கேதான் பலருக்கும் எண்ணெய் போவதில்லை. பயற்று மாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசுகிறார்கள். குழைத்த மாவு எண்ணெயின் மேலே சறுக்கிப் போய்விடும். உலர்ந்த மாவை முதலில் உடம்பில் தூவித் தேயுங்கள். அது எண்ணெயைக் குடித்துத் திரித்திரியாக உதிரும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். தலைக்கும் அதே கணக்குதான்: கெட்டியாகக் கரைத்த சீயக்காயையோ ஷாம்புவையோ முடியை நனைப்பதற்கு முன்பே எண்ணெய் முடியில் தேயுங்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள்.

உடம்புக்கு 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெந்நீர். தலைக்கு வெதுவெதுப்பு மட்டும், கொதிக்கும் நீர் முடிக்கும் கண்ணுக்கும் ஆகாது என்பது ஆயுர்வேதக் கணக்கு. இந்த வெந்நீர்க் குளியலே அன்றைய ஸ்வேதனம் (உடம்பை வியர்க்க வைக்கும் சிகிச்சை), தனியாக ஆவி பிடிக்கத் தேவையில்லை. தோலில் மெல்லிய பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் சோப்புப் போட்டு உரிக்காதீர்கள்.

உதிர்ந்த மாவை வடிகாலில் தள்ளாமல் காகிதத்தால் அள்ளிக் குப்பையில் போடுங்கள். எண்ணெயும் மாவும் சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் திரவத்தால் தரையைக் கழுவிய பிறகே மற்றவர்கள் உள்ளே வரட்டும்.

துண்டு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். எண்ணெய்த் துண்டுகளைக் குவித்து வைத்தால் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உள்ளே தானாகச் சூடேறும், உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்து மடித்துக் குவித்தால் தீயே பிடிக்கலாம். வெந்நீரில் சோப்புத் தூளோடு துவைத்து, கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

பகல்

குளித்து அரை மணி கழித்துக் கஞ்சி: கால் கப் அரிசி, 2 மேசைக்கரண்டி வறுத்த பாசிப்பருப்பு, இரண்டரை கப் தண்ணீர், சீரகம், சிறு துண்டு இஞ்சி, உப்பு. குழைய வெந்ததும் ஒரு தேக்கரண்டி நெய். மதியமும் இதே போல் லேசான சாப்பாடு.

கண்ணைச் சொக்கும். படுத்தால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது. எழுந்திருக்கும்போது தலை கனக்கும், இரவுத் தூக்கமும் கெடும். சாய்வு நாற்காலி போதும். முடி நன்றாகக் காயட்டும்.

மாலை: அசையாமல் 35 நிமிடம்

மதியம் சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆன பிறகு, முதலில் வண்டு போல் ரீங்கரித்தபடி மூச்சை விடும் பிராமரி 5 சுற்று. அடுத்து சுவரில் கால் வைத்துப் படுக்கும் விபரீத கரணி, 10 நிமிடம். இதில் எல்லாமே நுழைவில்தான் இருக்கிறது. சுவருக்குப் பக்கவாட்டில், இடுப்பு சுவரை ஒட்டும்படி உட்கார்ந்து, உடம்பைத் திருப்பிக்கொண்டே காலை மேலேற்றுங்கள். சுவருக்கும் பிட்டத்துக்கும் 10 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். தொடையின் பின்தசை இழுத்து, வால் எலும்பு தரையைவிட்டு எழும்பினால் 25 செ.மீ. வரை தள்ளிப் படுங்கள். கால் மரத்துப் போனால் முழங்காலை மடித்துப் பாதத்தைச் சுவரில் ஊன்றுங்கள். வெளியே வரும்போது ஒருக்களித்துப் படுத்து ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுங்கள், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

பிறகு சவாசனம் 15 நிமிடம். சுருட்டிய போர்வை ஒன்று முழங்காலுக்கு அடியில், மடித்தது ஒன்று தலைக்கு அடியில் சுமார் 5 செ.மீ. உயரத்துக்கு. மோவாய் நெற்றியைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். உடம்பு மெல்லக் குளிரும், முன்கூட்டியே ஒரு துணி போர்த்திக்கொள்ளுங்கள்.

தெம்பிருந்தால் படுக்கப் போகும் முன் வெண்கலக் கிண்ணத்தின் அடிப்பகுதியால் நெய் தடவிய உள்ளங்காலைப் பக்கத்துக்கு 5 நிமிடம் தேய்க்கலாம். பாதம் கறுக்கும். உடம்பிலிருக்கும் நச்சு இறங்கிவிட்டது என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம் நெய்யோடும் வியர்வையோடும் உரசி விடும் கறைதான் அது. கிண்ணத்தால் தேய்த்த சுகம் மட்டும் நிஜம்.

ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்து, பழைய காலுறை போட்டு, தலையணைக்கும் பழைய உறையாக மாட்டிப் படுங்கள். எத்தனை சீயக்காய் போட்டாலும் அன்றிரவு தலையிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கசியத்தான் செய்யும்.