அரசியல்வாதி பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் கை வைக்கும் முன்

தேர்தல் முடிவு வரும் நாளில் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள், திருவிழாக் கூட்டம்தான். கடைசிச் சுற்று எண்ணி முடிக்காத தொகுதியில் ஒருவரைச் சட்டமன்ற உறுப்பினர் ஆக்கியிருப்பார்கள், பதவியேற்புக்கு நாள் குறிக்கும் முன்பே இன்னொருவரின் தகவல் பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் இருக்கும் சுருக்க விவரக் கட்டம்) அமைச்சர் என்று ஏற்றியிருப்பார்கள். எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு வருபவர்கள் இல்லை, பாதிப் பேருக்கு அபிமானமும் அவசரமும்தான். நீங்களும் அப்படி ஒரு கட்டுரையைத் திருத்தப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எதைத் தூக்குவது என்று தெரிந்துகொள்ளுங்கள். உயிரோடிருப்பவரைப் பற்றிச் சான்று இல்லாமல் ஒரு குற்றச்சாட்டு இருந்தால், பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுப் போகாதீர்கள், உடனே நீக்குங்கள். இந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. 2005இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக ஒருவர் விளையாட்டுக்கு எழுதிவிட, அது நான்கு மாதம் போல அப்படியே கிடந்தது. அந்தக் கூத்துக்குப் பிறகுதான் வாழும் மனிதர்களைப் பற்றி எழுதுவதற்கென்று தனிக் கொள்கை வந்தது. திட்டுவது மட்டுமல்ல, ஆதாரமில்லாத புகழ்ச்சியும் போக வேண்டியதுதான்.

தமிழில் இந்தப் புகழ்ச்சிதான் பெரிய தலைவலி. மேடையில் பேசிப் பேசி, போஸ்டரில் படித்துப் படித்து, நமக்கு அடைமொழி இல்லாமல் தலைவர் பெயரை எழுதக் கை வராது. "ஏழை எளியோரின் இதயத்தில் நீங்கா இடம்பெற்ற மக்கள் தொண்டர், தன் அயராத உழைப்பால் மூன்றாவது முறையாக மாபெரும் வெற்றிவாகை சூடினார்" என்ற மாதிரி வரியை எத்தனை கட்டுரைகளில் பார்த்திருப்போம்! இதில் தகவல் என்று மிஞ்சுவது "மூன்றாவது முறையாக வென்றார்" என்பது மட்டும்தான். அதோடு ஆண்டையும் வாக்கு வித்தியாசத்தையும் தேர்தல் ஆணைய அறிக்கையிலிருந்து எடுத்துச் சேருங்கள். ஜெயித்தது மாபெரும் வெற்றியா, மயிரிழையில் தப்பியதா என்று எண்ணைப் பார்த்து வாசகரே முடிவு செய்துகொள்வார்.

பட்டப்பெயர்களும் அப்படித்தான். மு. கருணாநிதி கட்டுரையில் அவர் கலைஞர் என்று அழைக்கப்பட்டார் என்பதை அறிமுகத்தில் ஒரு முறை சொன்னால் போதும், வரிக்கு வரி கலைஞர் வேண்டாம். 'அவர்கள்' என்ற ஒட்டையும் எடுத்துவிடலாம். ஆனால் 'வந்தார், சொன்னார்' என்ற மரியாதை எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும், உங்களுக்கு ஆகவே ஆகாத கட்சிக்காரருக்கும்.

சரி, வழக்குகளுக்கு வருவோம். உண்மையில் சண்டை நடக்கும் இடம் இதுதான். பலர் நினைப்பது போல, சான்று கொடுத்துவிட்டால் நடுநிலை தானாக வந்துவிடாது. ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 செப்டம்பர் 27 தீர்ப்புச் செய்தியைச் சான்றாகக் கொடுத்து ஒருவர் "குற்றவாளி" என்று எழுதலாம், 2015 மே 11 செய்தியைக் கொடுத்து இன்னொருவர் "நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார்" என்று எழுதலாம். இரண்டுக்கும் நல்ல நாளிதழ் சான்று கிடைக்கும், இரண்டும் அரைகுறை. எழுத வேண்டியது இப்படி: 1991–96இல் வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் 2014இல் நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது; 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது; மேல்முறையீடு முடியும் முன் 2016 டிசம்பர் 5 அன்று அவர் இறந்தார்; 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அதே வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த சசிகலா, இளவரசி, சுதாகரன் ஆகியோரின் தண்டனையை உறுதிப்படுத்தியது, ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அத்துடன் முடிந்தது. நீளம்தான், ஆனால் இதில் எந்தத் துண்டை வெட்டினாலும் கட்டுரை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

மறுபக்கம் 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு வழக்கு. "1.76 லட்சம் கோடி ஊழல்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எண், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2010 அறிக்கையில் உத்தேசமாகக் கணக்கிட்ட அரசு வருவாய் இழப்புகளில் பெரியது, யாரோ பையில் போட்டுக்கொண்ட தொகை அல்ல. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ஆ. ராசா, கனிமொழி உள்ளிட்டவர்களை விடுவித்ததைச் சொல்ல வேண்டும், சிபிஐ மேல்முறையீடு செய்ததையும் 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை, மேல்முறையீடு, இதெல்லாம் வேறு வேறு படி. வழக்கு எந்தப் படியில் நிற்கிறதோ அதைத் தேதியோடு எழுதுங்கள். அப்புறம், இதற்கெல்லாம் 'சர்ச்சைகள்' என்று தனித் தலைப்பு போட்டுக் குப்பைத்தொட்டி ஆக்காமல், அந்தந்தக் காலகட்டத்தோடு சேர்த்து எழுதினால் நல்லது.

சான்றுகளில் கட்சி ஏடுகளைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். முரசொலியோ தீக்கதிரோ தடை செய்யப்பட்டவை அல்ல. இன்னாரை மாவட்டச் செயலாளராக நியமித்ததாகக் கட்சி அறிவித்தது என்பதற்குக் கட்சி ஏடு போதும். அவர் நல்ல நிர்வாகி என்பதற்கோ எதிர்க்கட்சிக்காரர் ஊழல் செய்தார் என்பதற்கோ போதாது. நாளிதழ்ச் செய்தியிலும் ஒரு பொறி இருக்கிறது: சில செய்திகளின் வாழ்க்கைக் குறிப்புப் பகுதி விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்து ஒட்டியதாக இருக்கும், நாம் அதையே சான்றாகக் கொடுத்தால் பாம்பு தன் வாலை விழுங்கிய கதைதான். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள், செய்தி அதற்குப் பிந்தியது என்றால் வேறு சான்று தேடுங்கள்.

வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம் புதையல் போலத் தெரியும், ஏனென்றால் சொத்து, கடன், கல்வி, நிலுவை வழக்கு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது வேட்பாளர் தானே சொன்ன கணக்கு. அதனால் "சொத்து இவ்வளவு" என்று எழுதாமல் "இவ்வளவு என்று பிரமாணப் பத்திரத்தில் தெரிவித்தார்" என்று எழுதுங்கள். வழக்கு விவரத்தை அதிலிருந்து நேராக அள்ளிக்கொண்டு வராமல், நம்பகமான செய்தியில் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். வீட்டு முகவரி, தொலைபேசி எண், அரசியலுக்கே வராத மனைவி பிள்ளைகளின் விவரம் எதையும் தொடாதீர்கள்.

மரணச் செய்தியில் மட்டும் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். 2016 டிசம்பர் 5 மாலையே சில தொலைக்காட்சிகள் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சொல்லி, மருத்துவமனை மறுத்த பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டன. அவர் இறந்தது அன்றிரவு 11.30 மணிக்கு என்றுதான் பிறகு அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. விக்கிப்பீடியா பிரேக்கிங் நியூஸ் போடும் சேனல் இல்லை, ஆறு மணிநேரம் தாமதமானால் யாருக்கும் ஒன்றும் குறையாது.

கடைசியில், சம்பந்தப்பட்டவரின் உதவியாளரோ ஐடி அணியோ வந்து கட்டுரையை மாற்றினால் என்ன செய்வது? அடிக்கடி நடக்கும். ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மாறி மாறிப் பழையபடி மீளமைத்துக்கொண்டே இருந்தால் தொகுப்புப் போர் ஆகி இரண்டு பேருக்கும் தடை விழும். உரையாடல் பக்கத்துக்குக் கூப்பிடுங்கள், சம்பளம் வாங்கித் தொகுப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்ற விதி 2014 முதலே இருக்கிறது என்று காட்டுங்கள். பிறந்த தேதி தப்பு, தொகுதி தப்பு என்று அவர் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், பல நேரம் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். சான்றைக் காட்டினால் நீங்களே மாற்றிவிடலாம். அடங்கவில்லை என்றால் விக்கிப்பீடியா நிர்வாகியிடம் சொல்லிப் பக்கத்தைக் கொஞ்ச நாள் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், அதற்குள் நீங்கள் கொடுத்த இணைப்புகளையெல்லாம் வேபேக் மெஷின் என்ற இணையப் பக்கக் காப்பகத்தில் சேமித்துவிடுங்கள், ஏனென்றால் பழைய செய்தி இணைப்புகள் எப்போது செத்துப்போகும் என்று சொல்ல முடியாது.