களத்தில் ஆள் ஓய்ந்துபோகாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுறுசுறுப்பாக இருந்த ஒரு செயற்பாட்டாளர் திடீரென்று கூட்டங்களுக்கு வராமல் போனால், ‘அவருக்குக் கொள்கைப் பிடிப்பு போய்விட்டது’ என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் நடந்தது நேர் எதிராக இருக்கும். பிடிப்பு அதிகம் இருந்ததால்தான் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டார், அதனாலேயே முதலில் சாய்ந்தார். உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-ல் ‘பர்ன்அவுட்’ (வேலைப் பளுவால் மனமும் உடலும் ஓய்ந்துபோகும் நிலை) பற்றி எழுதியபோது, அவர் கண்முன் இருந்தவர்கள் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை செய்த தொண்டர்கள். அர்ப்பணிப்பு உள்ளவர்கள்தான் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள் என்றார் அவர். ஆகவே சோர்வைத் துரோகமாகப் பார்ப்பதுதான் முதல் தவறு.

உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் பர்ன்அவுட்டை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. சம்பள வேலைக்காவது நேரம் உண்டு, விடுப்பு உண்டு. இயக்க வேலைக்கு நாமாக வைத்துக்கொண்டால்தான் இரண்டும்.

ஆளை அதிகம் சாய்ப்பது அடுத்த தவறு: எல்லாம் ஒருவர் கையில் இருப்பது. பாதிக்கப்பட்டவர்களின் எண்கள் அவர் போனில். மனுவின் கடைசி வடிவம் அவர் லேப்டாப்பில். வழக்கறிஞரிடம் பேசுவது அவர், துண்டறிக்கை எழுதுவது அவர், அச்சகத்துக்குப் போய் அதை எடுத்து வருவதும் அவரே. நள்ளிரவில் வாட்ஸ்அப் குழுவில் ‘அந்த ஃபைல் யார்கிட்ட இருக்கு?’ என்று ஒருவர் கேட்பார். எல்லோரும் பார்த்திருப்பார்கள், பதில் போடுவது மட்டும் அவராகத்தான் இருக்கும். அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அமைப்பே படுத்துவிடும். வெளியிலிருந்து பார்க்க இது தியாகம் மாதிரி தெரியும். என் பார்வையில் இது அமைப்பில் விழுந்த ஓட்டை. (‘நான் இல்லாமல் நடக்காது’ என்ற நினைப்பில் அவருக்கும் கொஞ்சம் ருசி இருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் நிறவெறிக்கு எதிராகப் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். அது 381 நாட்கள் நீடித்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகள் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. ஆனால் தினமும் வேலைக்குப் போயாக வேண்டியவர்களுக்காக அங்கே கார்களைத் திரட்டி, ஏறும் இடம், இறங்கும் இடமெல்லாம் வகுத்து ஓட்டினார்களே, அந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நடந்தே போனவர்களும் ஏராளம். என்றாலும் கால் வலியைத் தனித்தனி ஆளின் பிரச்சினை என்று விட்டிருந்தால் அத்தனை நாள் தாக்குப்பிடித்திருப்பது கடினம். சின்னக் குழுவிலும் இது முடியும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், ஒவ்வொரு ஆவணத்துக்கும் கடவுச்சொல்லுக்கும் நம்பகமான இன்னொரு ஆள், பேச்சாளர் வேலை சுழற்சியில். இவ்வளவுதான்.

கொடுமையைக் கண் இமைக்காமல் பார்ப்பதே கடமை என்று நினைத்துக்கொண்டு, தாக்குதல் வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது இன்னொரு தவறு. 2013-ல் பாஸ்டன் மராத்தானில் குண்டு வெடித்த பிறகு நடந்த ஓர் ஆய்வு இது: அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரம், அதற்கும் மேல் அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்தத்தைச் சொன்னார்கள். வீடியோ உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டியவர் பார்க்கட்டும். மற்றவர்களுக்கு ‘இதில் இன்ன காட்சி இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். படுக்கையில் வைத்து யாருமே பார்க்க வேண்டாம்.

எதிரியோடு மோதுவதைவிட உள்சண்டை அதிகம் களைப்பைத் தரும். யார் பெயர் முதலில் வந்தது, யாரைக் கேட்காமல் அறிக்கை விட்டார்கள் என்று இரவு முழுக்கக் குரல்செய்திகள் பறக்கும். அதைக் குழுவில் தட்டித் தீர்க்க முடியாது. நேரில், மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டு பேசினால்தான் உண்டு.

அப்புறம், ‘இந்தப் பிரச்சினை முடியட்டும், பிறகு வீட்டைக் கவனிக்கலாம்’ என்ற கணக்கு. ஒன்று முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு மிச்சம் கிடைப்பது நம்முடைய எரிச்சல் மட்டுமாகிவிடும். எல்லா அநீதிக்கும் நாமே குரல் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டை ஆழமாக எடுத்துக்கொண்டு, மற்றதைச் செய்பவர்களுக்கு ஆதரவு சொன்னாலே சரி.

வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது ஓய்வால் மட்டும் தீர்கிற விஷயம் அல்ல. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக, விடுப்பு எடுக்கும் விதம். பலர் சொல்லாமல் காணாமல் போகிறார்கள், குற்ற உணர்ச்சியில் பாதியிலேயே திரும்பி வருகிறார்கள். எந்தத் தேதிவரை இருக்க மாட்டீர்கள், உங்கள் வேலை யாரிடம் இருக்கிறது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று குழுவில் எழுதிப்போடுங்கள். பிறகு அந்தக் குழுவை மியூட் செய்துவிடுங்கள்.