பிள்ளைகளோடு ராமேஸ்வரம்: செட்டிநாட்டிலிருந்து காரில் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடியும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம் என்று நம் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். பெரியவர்கள் மட்டும் போனால் அந்தக் கணக்கு சரி. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வண்டியில் இருந்தால் அதே கணக்குதான் பயணத்தைக் கெடுக்கிறது. அது கோயில் நடை திறக்கும் நேரத்தையும் சாலைத் தூரத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. பிள்ளைக்குப் பசிக்கும் நேரமும் தூக்கம் வரும் நேரமும் அதில் இல்லை.

ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது

வழக்கமான திட்டம் இப்படி ஓடும்: எட்டு மணிக்கு அக்னி தீர்த்தம், பிறகு 22 தீர்த்தம், வரிசையில் நின்று தரிசனம், சாப்பாடு, ஒரு மணிக்கு தனுஷ்கோடி. தீவிலேயே நிழல் அற்ற இடத்துக்கு, நாளிலேயே கொடிய வெயிலில், மதியத் தூக்கம் போன பிள்ளையைக் கூட்டிப்போகிறோம். அதற்குப் பிறகு பிள்ளை அழுதால் அது பிடிவாதம் இல்லை.

ஒரு ராத்திரி தங்குங்கள். வரிசையையும் திருப்பிப் போடுங்கள். முதல் நாள் காலையில் போகிற வழியிலேயே விளையாட்டு, மதியம் அறையில் தூக்கம், மாலை கோயில். மறுநாள் விடிந்ததும் தனுஷ்கோடி, பத்து மணிக்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். கோயில் நடையும் இதற்கு ஒத்துவருகிறது. மதியம் 1 மணிக்குச் சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைத் தெருவில் கழிக்காமல் அறையில் கழித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

அமாவாசை நாட்களைத் தவிருங்கள். அதிலும் தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். தர்ப்பணம் கொடுக்க வேண்டிய ஐயா அந்த நாளில் போகட்டும், பிள்ளைகள் வேறொரு நாள் வரட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு. எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடி சாலையை மூடிவிடுவார்கள். தையிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம்.

சாலையில்

தேவகோட்டை, ஆர்.எஸ். மங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்பது வழி. வரைபடம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகக் காட்டலாம்; பிள்ளைகளோடு நான்கு என்று வையுங்கள். அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்காதவர்கள்தான் பிறகு வேகமாக ஓட்டுகிறார்கள்.

முன் இருக்கையில் அம்மா மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது நம் ஊரில் மிகச் சாதாரணம். மிக ஆபத்தானதும் அதுவே. திடீரென்று பிரேக் போட்டால் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக் விரிந்தால் அது குழந்தையின் தலையில் வந்து மோதும். குழந்தை இருக்கையைப் பின்னால் பொருத்துங்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. கைக்குழந்தைக்கு இருக்கை பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஐந்து பேர் அமரும் காரில் அப்பத்தா, ஆயா, மூன்று பிள்ளைகள் என்று ஏழு பேர் ஏறுவதைவிட இரண்டு வண்டியாகப் போவது மேல்.

அடுத்தது வாந்தி. அதற்குப் பெரும்பாலும் காரணம் சாலை இல்லை; கிளம்புமுன் வயிற்றில் போட்டதும், கையில் கொடுத்த போனும். எண்ணெயில் பொரித்த கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று விடியற்காலையில் கொடுத்துவிட்டு வண்டி ஏற்றினால், தேவகோட்டை தாண்டுமுன் வெளியே வரும். இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ள நல்லெண்ணெய், அவ்வளவு போதும். பலகாரத்தை மாலைக்கு வையுங்கள். போன் திரையில் கண் நிலைத்திருக்க உடம்பு மட்டும் குலுங்கும்போதுதான் குமட்டல் வருகிறது. கண் தூரத்தைப் பார்க்க வேண்டும். மாற்று உடுப்பு ஒரு செட்டு, ஈரத் துண்டு, கெட்டியான நாலைந்து கவர் ஆகியவற்றைக் கைக்கு எட்டுகிற பையில் வையுங்கள். டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். இந்த வழியில் அதற்குத் தகுந்த இடங்கள் உண்டு. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெயர் வாங்கிய ஆர்.எஸ். மங்கலம் கண்மாயில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் பறவைகளைப் பார்க்கலாம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்க்க நடைபாதை இருக்கிறது. மக்கள் தானியமும் பூவும் போடுவதால் தண்ணீர் ஒட்டிய படிகள் வழுக்கும். கையைப் பிடித்தே கூட்டிப்போக வேண்டும்.

பிள்ளைகள் கடலில் ஆட வேண்டுமென்றால் அதற்குரிய இடம் தீவில் இல்லை, தீவுக்கு முன்னாலேயே இருக்கிறது. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் பிரியும் அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழலும் பெரும்பாலும் அமைதியான தண்ணீரும் உண்டு. இதைத் தாண்டிப் போய்விட்டு, “தனுஷ்கோடியில் குளிக்கலாம்” என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பது பெரிய தவறு.

பாம்பன் பாலத்தில் இறங்குவது

1988-இல் திறந்த சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டர் நீளம். அதன் நடுவில் வண்டியை ஓரம்கட்டி, பிள்ளையைக் கைப்பிடிச் சுவர்மேல் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். பின்னால் பேருந்துகள் வந்துகொண்டே இருக்கும். காற்று பெரியவர்களையே தள்ளும். பாலத்தில் நிறுத்தவே வேண்டாம். ரயில் பாலங்களைக் காட்ட இன்னொரு வழி இருக்கிறது. மண்டபத்தில் பாசஞ்சர் ரயில் கிடைக்கும் நேரமாகப் பார்த்து, பிள்ளைகளும் பெரியவர்களும் ரயிலில் ஏறட்டும். ஓட்டுகிறவர் காரை ராமேஸ்வரம் கொண்டுவரட்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின்மேல், இருபக்கமும் கடல் தெரியப் போகலாம். கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும் பாலம் அது. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் அந்தப் பகுதி இரண்டாகப் பிரிந்து திறந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை இரண்டு கையை வைத்தே காட்டிவிடலாம்.

கோயிலில்

22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகக் கிணற்று நீரைத் தலையில் ஊற்றுவார்கள். கூட்ட நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஈரத்துணியோடு நடக்க வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளை நடுங்கிப்போகும். காதிலும் மூக்கிலும் தண்ணீர் ஏறும். அஞ்சு வயதுக்குள் இருந்தால் தலையில் தெளித்தால் போதும். ஆச்சியோடு ஒருவர் தீர்த்தமாடப் போகட்டும், இன்னொருவர் பிள்ளையோடு மூன்றாம் பிரகாரத்தில் இருக்கட்டும். அங்கே 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். நூறு வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு அது போதுமான வேலை. தீர்த்தக் கிணறுகளைச் சுற்றிக் கல்தரை எப்போதும் ஈரம், அங்கே ஓடவிடாதீர்கள். ஈர உடுப்போடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் பிள்ளைக்கும் மாற்று உடுப்பு எடுத்துப்போக வேண்டும்.

கைப்பேசி உள்ளே கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட வழி இருக்காது. நுழையுமுன் பிள்ளையின் முன்கையில் பேனாவால் ஒரு போன் எண்ணை எழுதுங்கள். பிரிந்தால் எந்த வாசலில் நிற்பது என்று பெரியவர்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். கோயிலை ஒட்டிய தெருக்களுக்குள் காரை ஓட்டிப்போகப் பார்க்காதீர்கள்; நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் வாருங்கள்.

தனுஷ்கோடி

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் இது. 2017 வரை மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும். இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. சாலை நன்றாக இருப்பதாலேயே மற்ற எல்லாமும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். ராமேஸ்வரம் ஊரைத் தாண்டியதும் பெட்ரோல் பங்க் இல்லை, மருந்துக்கடை இல்லை, நம்பும்படியான கழிப்பறையும் இல்லை. கிளம்பும் முன் அறையிலேயே எல்லோரும் போய்விட்டு வாருங்கள். கைக்குழந்தைக்கு டயப்பரை மாற்றிவிடுங்கள்.

இங்கே வெயில் ஏமாற்றும். காற்று ஓயாமல் வீசுவதால் வேர்வை உடனே காய்ந்துவிடும். சூடு தெரியாது, நீர் மட்டும் உடம்பை விட்டுப் போய்க்கொண்டிருக்கும். பிள்ளை சோர்ந்து மடியில் சாயும்போதுதான் தெரியவரும். பத்தரைக்குமேல் வெள்ளை மணல் காலைச் சுடும், கண்ணைக் கூசும். முழுக்கை பருத்திச் சட்டை, கழுத்தில் கட்டுகிற தொப்பி, பின்பட்டி வைத்த செருப்பு ஆகியவை வேண்டும். கழற்றிப் போடும் செருப்பு மணலில் புதைந்துவிடும். குடை காற்றில் நிற்காது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் கிரீம் பூச வேண்டாம், துணியால் மூடி நிழலில் வையுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வெளியே இறங்க அரைமணி நேரத்துக்கு முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள்.

நிழல் இல்லையே என்று தூங்குகிற பிள்ளையைக் காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கும்கூட. வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை சூடு ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட வெகுவேகமாகச் சூடேறும்.

இனி கடல். ஒருபக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. மீனவர்கள் ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்பார்கள். ஆனால் அமைதியான பக்கம் எது என்பது பருவத்தைப் பொறுத்தது: தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்பக்கம் கொந்தளிக்கும், வடகிழக்குப் பருவத்தில் வடபக்கம். அரிச்சல்முனையில் இரண்டு பக்க நீரோட்டமும் சேர்கிறது. கரையை ஒட்டியே மணல் சரிந்து ஆழமாகும். கணுக்கால் தண்ணீரில் நிற்கும் பிள்ளையின் காலடி மணலை ஒரே அலை உருவிவிடும். அங்கே குளிக்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பது இதனால்தான். காற்றடைத்த வளையம், மிதவைப் பொம்மை எதையும் எடுக்க வேண்டாம். காற்று கடல்பக்கம் திரும்பினால் பிள்ளையோடு இழுத்துப் போய்விடும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். “எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்றால் யாரும் பார்ப்பதில்லை.

சாலையை விட்டுக் காரை மணலில் இறக்காதீர்கள். மேலே காய்ந்து உறுதியாகத் தெரிவது அடியில் பொதபொதவென்று இருக்கும்; சக்கரம் சுழலச் சுழல அச்சு வரை புதையும். மாலையில் இருட்டுமுன் எல்லா வண்டிகளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அங்கே சிக்குவது வேடிக்கையான காரியம் அல்ல. முனைப் பக்கம் போனால் கைப்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடிக்கலாம். ரோமிங்கை முன்பே அணைத்துவையுங்கள். திரும்பும் வழியில், அந்தப் புயலில் தப்பி நின்ற கோதண்டராமர் கோயிலில் பத்து நிமிடம் நின்று வரலாம்.

தண்ணீரும் கட்டுச்சோறும்

இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் 20 லிட்டர் கேன் ஒன்றும், சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சி ஆறிய நீர் மூன்று லிட்டரும் எடுங்கள். பத்துக் கிலோ பிள்ளைக்குச் சாதாரண நாளிலேயே பால், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் நீர் வேண்டும். வெயிலில் இன்னும் கூட. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, அடிக்கடி. ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது பலர் செய்யும் தவறு. உப்பு அதிகமாகிப் பிள்ளையின் நிலை மோசமாகும். ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கட்டுச்சோற்றுக்குப் புளியோதரை சரி. மாலை வரை தாங்கும். தேங்காய்ச் சட்டினியும் தேங்காய்ச் சாதமும் சூடான காரில் மதியத்துக்குள் ஊசிப்போகும். பிள்ளைகளின் தயிர்சாதத்துக்குப் பால் அதிகம் ஊற்றிப் பிசைந்து, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்தால் புளிக்காமல் இருக்கும். மணகோலமும் தேன்குழலும் நாள்கணக்கில் கெடாது, ஆனால் மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்கு வண்டி ஓடும்போது கடினமான பலகாரம் கொடுக்காதீர்கள். குலுக்கலில் தொண்டையில் சிக்கும்.

கரையில் பவளத் துண்டு கிடந்தால் பிள்ளை எடுத்துவரும். மன்னார் வளைகுடாவின் பவளம், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சங்கு சிப்பிகளிலும் சில அப்படித்தான். கடையில் விற்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள். பனையோலைக் கிலுகிலுப்பையும் கருப்பட்டியும் போதும். ஜெல்லி மீன் கொட்டினால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள்; கடல் நீரால் கழுவி, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108.

வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்; உப்புக்காற்று பிரேக்கையும் சைலன்சரையும் அரிக்கும். குழந்தை இருக்கையின் பெல்ட் பூட்டுக்குள் மணல் போயிருந்தால் சரியாகப் பூட்டாது. கவிழ்த்துத் தட்டி, ‘கிளிக்’ என்று சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தமுறை பிள்ளையை உட்காரவையுங்கள்.